பாபநாசம் கணக்கு சார் டியூஷன்: வர்க்கமூலத்தில் திணறும் பிள்ளை வீட்டில் இருந்தால் படியுங்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கணக்கு டியூஷனுக்கு எங்கே சேர்ப்பது என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் போடுவதைவிட ஒரே இடத்தில் விவரமாக எழுதிவிடுகிறேன். நான் சொல்வது பாபநாசத்தில், திருப்பாலைத்துறை கோயிலுக்குப் போகிற பக்கம், ஓய்வு பெற்ற அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்துகிற டியூஷன். போர்டு கிடையாது. "கணக்கு சார் வீடு" என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போடவில்லை. என் மகன் பத்தாவது, அண்ணன் மகள் ஒன்பதாவது, இரண்டு பேரும் அங்கேதான் போகிறார்கள்.

மொத்த டியூஷனையும் எழுதினால் பெரிதாகப் போகும், அதனால் வர்க்கமூலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. எட்டாவதில் வர்க்கமூலம் வருகிறது, ஒன்பதாவதில் மெய்யெண்கள் பாடத்தில் விகிதமுறா மூலங்கள் வருகிறது, பத்தாவதில் இயற்கணிதத்துக்குள்ளே பல்லுறுப்புக் கோவையின் வர்க்கமூலம், இருபடிச் சமன்பாடு என்று வந்து நிற்கிறது. மூன்று வருஷமும் ஒரே √ குறிதான். முதல் வருஷம் அது புரியாத பிள்ளைக்கு மூன்றாவது வருஷம் அந்தக் குறியைப் பார்த்தாலே பயம் வந்துவிடுகிறது. ஒரு டியூஷன் நல்ல டியூஷனா என்று பார்க்க இதைவிடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு முன்னால் மகன் வேறொரு சென்டருக்குப் போனான். பெரிய இடம், ஏசி, ஒரு பேட்சில் அறுபது பிள்ளைகள். போன முதல் நாளே சூத்திரம் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். √(அ × ஆ) = √அ × √ஆ என்று ஒரு வரி. அதைப் படித்த பிள்ளை கூட்டலுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தானே முடிவு செய்துகொண்டது. √9 + √16 எவ்வளவு என்று கேட்டால் 5 என்று எழுதினான். 9ஐயும் 16ஐயும் கூட்டி 25, அதன் மூலம் 5. மூன்றும் நாலும் ஏழு என்பது ஒன்றாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும், ஆனால் √ குறி வந்தவுடன் அந்தச் சின்னக் கணக்கைக்கூட யோசிக்கத் தோன்றவில்லை. தாளில் இருக்கிற வரிகள் எல்லாம் சரியானவைதான், அந்த வரி எதைப் பற்றிப் பேசுகிறது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாபநாசம் சார் முதல் வகுப்பை √ குறியோடு ஆரம்பிப்பதில்லை. "ஒரு மா எத்தனை குழி?" என்றுதான் ஆரம்பிக்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும், வீட்டில் தினம் காதில் விழுகிற பேச்சு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழி என்பது எங்கள் கணக்கில் 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. ஆக ஒரு மா என்பது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். சரி, ஒரு மா நிலம் அச்சு அசலாகச் சதுரமாக இருந்தால் ஒரு பக்கத்து வரப்பு எத்தனை அடி? 120 அடி. இரண்டு மா சதுரமாக இருந்தால்? மாடியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் 240 என்று கத்தினார்களாம். சார் திட்டவில்லை, 240ஐ 240ஆல் பெருக்கிப் பாருங்கள் என்றார். 57,600 வருகிறது. அது இரண்டு மா இல்லை, நாலு மா.

அப்போ இரண்டு மாவுக்கு எவ்வளவு? இங்கேதான் அவர் மாடித் தரையில் சாக்பீஸால் ஒரு குழி வரைந்தார். நிஜமான குழி, 12 அடிக்கு 12 அடி, டேப்பை வைத்து அளந்து. அப்புறம் அண்ணன் மகளையும் இன்னொரு பையனையும் கூப்பிட்டு மூலைக்கு மூலை டேப் பிடிக்கச் சொன்னார். அந்த மூலைவிட்டத்தைப் பக்கமாக வைத்து ஒரு சதுரம் போட்டால் அதன் பரப்பு சரியாக இரண்டு குழி, நாலு முக்கோணமாக வெட்டிப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் கண்ணுக்குத் தெரியும். டேப்பில் 16 அடி 11 அங்குலம் தாண்டி, பன்னிரண்டாவது அங்குலத்தைத் தொடாமல் நின்றது. "பதினேழு அடின்னு வச்சுக்கலாம் சார்" என்றான் ஒரு பையன். "சரிப்பா, பதினேழை வர்க்கம் பண்ணு." 289. இரண்டு குழி 288. ஒரே ஒரு சதுர அடி இடிக்கிறது. அந்த ஒரு சதுர அடியை ஒழிக்க எந்தப் பின்னத்தை எடுத்துக்கொண்டாலும் முடியாது, எத்தனை தசம இடம் போட்டாலும் கொஞ்சம் கூடும், இல்லை குறையும், அதனால்தான் அந்த நீளத்தை அப்படியே 12√2 என்று எழுதி வைக்கிறோம், இரண்டு மாவுக்கு அதுவே 120√2 என்றார். இதைக் கேட்டுவிட்டு வந்த பெண் ராத்திரி சாப்பிடும்போது எங்கள் எல்லோருக்கும் ஒரு தடவை நடத்திக் காட்டினாள். √2 என்பது 1.414 என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்த என் அண்ணன் இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்.

இதற்கப்புறம் சுருக்குவது எளிதாகிவிடுகிறது. √72 என்று கொடுத்தால் பகாக் காரணியாகப் பிரி: 2 × 2 × 2 × 3 × 3. ஜோடி சேர்ந்தது ஒன்றாக வெளியே வரும், ஜோடி இல்லாதது உள்ளேயே நிற்கும். 2 × 3 வெளியே, ஒரு 2 உள்ளே. 6√2. இது எல்லாப் பள்ளியிலும் சொல்வதுதான். சார் கூடுதலாகச் செய்வது இரண்டு. ஒன்று, ஜோடி ஏன் ஒன்றாக வெளியே வருகிறது என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறார்: 36 சதுர அடிக்குப் பக்கம் 6 அடி, அதனால் 36 உள்ளே இருந்தால் வெளியே 6, ஒன்று காணாமல் போகவில்லை. இரண்டாவது, பிள்ளைகள் பாதியில் நிறுத்துகிற இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 72இல் 9 இருக்கிறது என்று பார்த்து 3√8 என்று எழுதிவிட்டு விடை வந்துவிட்டதாகப் பேனாவை மூடிவிடுவார்கள். தவறில்லை, ஆனால் முடியவில்லை, 8க்குள்ளே இன்னும் ஒரு 4 இருக்கிறது. உள்ளே நிற்கிற எண்ணை 4, 9, 25, 49 எதாவது வகுக்கிறதா என்று ஒரு தடவை பார்க்காமல் அடிக்கோடு போடக் கூடாது என்பது அவர் வகுப்பில் சட்டம். மகனின் நோட்டில் ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் பென்சிலில் ஒரு சின்ன டிக் இருக்கும், அது இந்தச் சோதனை முடிந்ததற்கு அடையாளம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கூட்டல் பாடம்தான். அதை முழுசாகச் சொல்லியே ஆக வேண்டும். அஞ்சு மா நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் 120√5 அடி. ஒரு வேலி, அதாவது இருபது மா, சதுரமாக இருந்தால் 120√20. √20ஐச் சுருக்கு, 2√5. அப்போ வேலியின் பக்கம் 240√5. பரப்பு நாலு மடங்கு, பக்கம் இரண்டு மடங்கு, முதல் நாள் பார்த்ததேதான். இப்போ இரண்டு வரப்பையும் ஒரே கோட்டில் நீட்டி வை. மொத்த நீளம் 360√5. அந்த நீளத்துக்குச் சதுர வயல் போட்டால் எத்தனை மா? அஞ்சும் இருபதும் இருபத்தஞ்சு மா என்று பாதி வகுப்பு சொல்லும். கணக்குப் போட்டால் 3 × 3 × 5, நாற்பத்தஞ்சு மா. அதாவது √20 + √5 என்பது √25 இல்லை, √45. இருபது மா வித்தியாசம்! முழுசாக ஒரு வேலி! √அ + √ஆ என்பது √(அ + ஆ) ஆகாது என்று சூத்திரத் தாளில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதினாலும் பதியாதது, ஒரு வேலி நிலம் கணக்கில் விட்டுப்போகிறது என்றவுடன் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பதிந்துவிட்டது. பழைய √9 + √16 கணக்கை மகனிடம் திரும்பக் கேட்டேன், 7 என்று சொல்லிவிட்டு, ஏன் 5 வராது என்று வயல் வரைந்து காட்டினான்.

உள்ளே நிற்கிற எண் ஒன்றாக இருந்தால்தான் கூட்ட முடியும் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. 2√5 + √5 = 3√5. ஆனால் √5 + √3 அப்படியே நிற்கும், அதற்குமேல் சுருங்காது. சுருங்காததைச் சுருங்காது என்று எழுதவும் தைரியம் வேண்டும், பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம், எதையாவது செய்து ஒரே எண்ணாக ஆக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும்.

பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, இருக்கிற மூலத்தை நீக்குவதை அவர் சீக்கிரமே முடித்துவிட்டார். 6/√3 என்றால் மேலும் கீழும் √3ஆல் பெருக்கு, 2√3. 1/(√5 − 2) என்றால் √5 + 2ஆல் பெருக்கு, கீழே 5 − 4 = 1, விடை √5 + 2. ஏன் செய்ய வேண்டும் என்றால், 1/√2 என்பதும் √2/2 என்பதும் ஒன்றுதான், 1ஐ 1.414ஆல் கையால் வகுத்துப் பார், அப்புறம் 1.414ஐ 2ஆல் வகுத்துப் பார், எது சுலபம்? இரண்டிலும் 0.707தான். பரீட்சைக் கூடத்தில் கால்குலேட்டர் இல்லாத பிள்ளைக்கு இந்தக் காரணம் போதும்.

பத்தாவது பிள்ளைகளுக்கு அவர் அதிக நேரம் எடுப்பது மட்டு மதிப்புக்கு, அதாவது கழித்தல் குறியை விட்டுவிட்டு எண்ணின் அளவை மட்டும் எடுப்பதற்கு. புத்தகத்தில் வர்க்கமூலத்தின் விடையை இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவில் போட்டிருப்பார்கள், பாதிப் பிள்ளைகள் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடும். √(எக்ஸ்²) = எக்ஸ் என்று எழுதிய ஒரு பிள்ளையிடம் எக்ஸுக்கு −5 போடச் சொன்னார். உள்ளே 25, வெளியே 5. எக்ஸ் −5 ஆச்சே, விடை எப்படி 5? பக்கத்தின் நீளம் எதிர்மறையாக வராது, அதனால் கோடு போட்டே ஆக வேண்டும். வர்க்கமூலம் காண இன்னொரு பெரிய கணக்கு கொடுத்தார்: எக்ஸ்⁴ − 12எக்ஸ்³ + 42எக்ஸ்² − 36எக்ஸ் + 9. நீள் வகுத்தலில் எக்ஸ்² − 6எக்ஸ் + 3 என்று வரும். வந்த விடை சரியா என்று பார்க்க எக்ஸுக்கு 1 போடச் சொல்கிறார். மேலே 1 − 12 + 42 − 36 + 9 = 4. விடையில் 1 − 6 + 3 = −2. −2இன் வர்க்கம் 4, சரிதான், ஆனால் √4 என்பது 2, −2 இல்லை. ஒரே சோதனையில் கணக்கும் சரி பார்த்தாயிற்று, கோடு ஏன் வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. எத்தனையோ வருஷம் பிள்ளைகள் நோட்டைத் திருத்திய ஆளுக்குத்தான் இப்படி ஒரு கணக்கைத் தேடி எடுத்து வைக்கத் தோன்றும்.

இதோடு சேர்த்து, எக்ஸ்² = 49 என்றால் 7, −7 இரண்டு விடையும் எழுது, √49 என்று கேட்டால் 7 மட்டும் எழுது என்று பிரித்துச் சொல்கிறார். முதலாவது, எந்தெந்த எண்ணை வர்க்கம் செய்தால் 49 வரும் என்ற கேள்வி. இரண்டாவது, 49 சதுர அடிக்குப் பக்கம் எவ்வளவு என்ற கேள்வி. இரண்டும் வேறு.

இருபடிச் சமன்பாட்டில் சூத்திரம் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள், கடைசி வரியில்தான் மதிப்பெண் போகிறது. எக்ஸ்² − 6எக்ஸ் + 2 = 0. தன்மைகாட்டி, அதாவது சூத்திரத்தில் √ குறிக்குள் வருவது, 36 − 8 = 28. விடை (6 ± √28)/2. இங்கே வந்தவுடன் 6ஐ மட்டும் 2ஆல் வகுத்து 3 ± √28 என்று எழுதுவார்கள், இல்லை உள்ளே இருக்கிற 28ஐயும் பாதியாக்கி 3 ± √14 என்று எழுதுவார்கள். முதலில் √28ஐ 2√7 ஆக்கிவிட்டு அப்புறம் வகு, 3 ± √7. சுருக்குவது என்பது விடையை அழகாக்க மட்டும் இல்லை, அடுத்த வரியில் விழாமல் இருக்கவும்தான் என்று மகன் எனக்கே பாடம் எடுத்தான்.

ராமானுஜனைச் சொல்லாமல் எங்கள் பக்கம் கணக்கு டியூஷன் எதுவும் நடக்காது. வழக்கமாகப் படத்தை மாட்டி ஊக்கப் பேச்சு பேசுவதோடு முடித்துக்கொள்வார்கள். இவர் அவர் கணக்கையே எடுத்துப் போட்டார். 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் கேள்வியாகப் போட்டது: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவில்லாமல் போனால் மதிப்பு என்ன? விடை 3. பத்தாவது பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. பின்னாலிருந்து போனார். 3 என்பது √9. 9ஐ 1 + 2 × 4 என்று எழுது. அந்த 4 என்பது √16, அதை 1 + 3 × 5 என்று எழுது. அந்த 5 என்பது √25, 1 + 4 × 6. இப்படியே போய்க்கொண்டே இரு, ராமானுஜனின் கணக்கு உன் நோட்டிலேயே வந்து நிற்கும். முடிவில்லாமல் போவதை 3 என்று முறையாக நிரூபிக்க இன்னும் கணக்கு படிக்க வேண்டும், அது கல்லூரியில் என்று நேர்மையாகச் சொல்லியும்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு மகன் அதை 4இல் ஆரம்பித்துப் போட்டுப் பார்த்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்குப் போய் சாரங்கபாணி சன்னதித் தெருவில் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிற ராமானுஜன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவனே கேட்டான், கூட்டிக்கொண்டு போனோம்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க விரும்பவில்லை. வேகம் குறைவு, பள்ளியில் அடுத்த பாடம் ஆரம்பித்த பிறகும் இங்கே பழைய பாடம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தனிப் பயிற்சி கிடையாது, அதை நாம்தான் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அச்சடித்த நோட்ஸ் கிடையாது, வகுப்புக்கு வராத பிள்ளை அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுத வேண்டியதுதான். மாடியில் தகரக் கூரை, சித்திரை வெயிலில் சாயங்காலம் ஆறு மணிக்கும் அனல் அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் சார் பேசுவது பின்வரிசைக்குக் கேட்காது, அந்த நாட்களில் பெரும்பாலும் பாதியிலேயே அனுப்பிவிடுவார். ஒன்பதாவதும் பத்தாவதும் சில நாள் ஒன்றாக உட்காருகிறார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் சிரமம். வடிவியல் நடத்தும்போது இந்த அளவு ரசனை இல்லை என்று மகன் சொல்கிறான், நானும் நோட்டைப் பார்த்தேன், உண்மைதான். பெண் பிள்ளைகளை முன்னதாக அனுப்பிவிடுகிறார், கடைசிப் பத்து நிமிஷம் அவர்களுக்குப் போய்விடுகிறது. பஸ்ஸை நம்பியிருக்கிற கிராமத்துக் குடும்பங்களுக்கு வேறு வழியும் இல்லை, ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை மறுநாள் ஈடு செய்தால் நன்றாக இருக்கும். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கட்டணம் மாதம் 400 ரூபாய். முன்பணம் கேட்பதில்லை. அறுவடை முடிந்து தருகிறேன் என்கிற வீடுகளிடம் அதற்கும் சரி என்கிறார், அதற்காகப் பிள்ளையைத் தனியாக நடத்துவது கிடையாது.

யாருக்குச் சரிப்படும் என்றால், கணக்கு வராது என்று தானே முடிவு கட்டிக்கொண்ட பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் பார்க்கவில்லை. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ சேர்த்துவிடுங்கள், அப்போதுதான் அவர் வேகத்துக்கு நேரம் இருக்கும். ஏற்கெனவே நூற்றுக்கு நூறு வாங்குகிற பிள்ளையையும் அனுப்பலாம், காரணம் தெரிந்துகொண்டு போவான். பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னால் கொண்டுபோய் விட்டு மாதிரி வினாத்தாளாக அடித்துத் தள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இது இடம் இல்லை, அவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார். என் மதிப்பீடு ஐந்துக்கு நாலரை, அந்த அரை கூரைக்கும் வேகத்துக்கும்.

கும்பகோணம் தஞ்சாவூர் பஸ் எதில் ஏறினாலும் பாபநாசத்தில் இறங்கி நடந்துவிடலாம். சேர்க்கப் போகும்போது பிள்ளையின் பழைய கணக்கு நோட்டு ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், மார்க் பட்டியல் வேண்டாம். தவறாகப் போட்ட கணக்குகள் உள்ள நோட்டைத்தான் அவர் முதலில் கேட்பார்.